எல்லாம் பச்சை, ஆனால் சர்வர் படுத்துவிட்டது: கருவிகள் சொல்லும் அரை உண்மைகள்

#1 கருந்திரை

சர்வர் நேரடியாக விழுந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அலாரம் அடிக்கும், லாகில் பிழை இருக்கும், எங்கே தோண்டுவது என்று தெரியும். உயிரை வாங்குவது வேறு ரகம். கிராஃப் பச்சை, எக்ஸிட் கோட் 0 (பிழையில்லை என்று அர்த்தம்), சர்வீஸ் நிலை "ஆக்டிவ், ரன்னிங்". வேலை மட்டும் நடக்காது. நாம் ஒன்று கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம், கருவி வேறொன்றுக்குப் பதில் சொல்கிறது.

அப்படிப்பட்டவற்றை இங்கே சேர்ப்போம். என்ன காட்டுகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, எதைத் தட்டினால் வெளிப்படும், அவ்வளவுதான். "எங்க ஆபீஸ்ல ஒரு தடவை" கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், பழகியவர்களுக்குப் புரியும்.

முதல் பங்கு என்னுடையது. டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் டிஎஃப் 100% என்கிறது. டியூ ஓட்டினால் பாதிகூட வரவில்லை. இரண்டும் சரியாகத்தான் சொல்கின்றன. டியூ அடைவுகளில் பெயர் உள்ள கோப்புகளைக் கூட்டுகிறது. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தில் செலவான பிளாக்குகளைச் சொல்கிறது. பெரிய லாகை யாரோ ஆர்எம் செய்து அழித்திருப்பார்கள். பெயர் போய்விட்டது, ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் இன்னும் ஓடுவதால் இடம் திரும்பி வரவில்லை.

"எல்எஸ்ஓஎஃப் +எல்1" என்று தட்டினால் லிங்க் எண்ணிக்கை 0 ஆன திறந்த கோப்புகள் மட்டும் வரும். பிஐடி (புராசஸின் எண்), எஃப்டி எண் (அது திறந்த கோப்பின் எண்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாத நேரம் என்றால் பிராக் அடியில் அந்த பிஐடியின் எஃப்டி அடைவுக்குள் இருக்கும் எண்ணின் மீது வெற்று வெளியீட்டைத் திருப்பிவிட்டால் (": > /பிராக்/1234/எஃப்டி/5") இடம் உடனே விடுபடும். ஓடும் லாகை அழிக்கவே கூடாது. "ட்ரங்கேட் -எஸ் 0" போதும்.

எல்எஸ்ஓஎஃபிலும் ஒன்றும் இல்லையா? மவுண்ட் புள்ளிக்கு (டிஸ்க் வந்து இணையும் அடைவுக்கு) அடியில் பாருங்கள். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாத ஓர் இரவில் பேக்கப் முழுவதும் ரூட் டிஸ்கின் வெற்று அடைவுக்குள் போயிருக்கும். மறுநாள் டிஸ்க் அதன்மேல் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது. "மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி" செய்து, எம்என்டிக்குள் டியூ ஓட்டினால் அகப்படும்.

#2 வேர்ப்பயனர்

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். டிஎஃப் 40% என்கிறது, ஆனால் கோப்பு எழுதினால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு தீர்ந்துவிட்டது. "டிஎஃப் -ஐ" காட்டிக்கொடுக்கும்.

இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம், ஃபார்மட் செய்யும்போது இயல்பாக 16384 பைட்டுக்கு ஓர் ஐநோடு ஒதுக்கும். 100 ஜிபி பகுதிக்கு ஏறத்தாழ 65 லட்சம். செஷன் கோப்புகளோ, மெயில் வரிசையோ, சிறுபடக் கேஷோ ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட் அளவில் குவிந்தால் டிஸ்க் நிறையும் முன்பே ஐநோடு தீர்ந்துவிடும். இஎக்ஸ்டி4-இல் இந்த விகிதத்தைப் பின்னால் மாற்ற முடியாது, மறுபடி ஃபார்மட்தான். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோடு உருவாக்கிக்கொள்ளும்.

குற்றவாளியைத் தேட "டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என் | டெயில்". கண்டுபிடித்த அடைவில் "ஆர்எம் *" போட்டால் ஷெல் "ஆர்குமென்ட் லிஸ்ட் டூ லாங்" என்று கைவிரிக்கும். "ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்டைம் +7 -டெலீட்" பொறுமையாக முடித்துவிடும். -டெலீட் கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் நிபந்தனைகளைப் பார்க்காமலே அழித்துவிடும்.

இன்னொன்று. இஎக்ஸ்டி4 5% இடத்தை ரூட் பயனருக்காக ஒதுக்கி வைக்கிறது. 4 டிபி டேட்டா டிஸ்கில் அது 200 ஜிபி. "ட்யூன்2எஃப்எஸ் -எம் 1" என்று குறைக்கலாம், டிஸ்கை அன்மவுண்ட் செய்யவும் வேண்டாம். ஆனால் ரூட் பகுதியில் மட்டும் அதைத் தொடாதீர்கள். டிஸ்க் நிறைந்த நேரத்தில் நீங்கள் உள்ளே போய் வேலை பார்ப்பதே அந்த 5% புண்ணியத்தில்தான்.

#3 நள்ளிரவு_அழைப்பு

லாக் பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு. பழைய லாகை ஒதுக்கி வைக்கற லாக்ரொட்டேட்ல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு "காப்பிட்ரங்கேட்" போடறாங்க. அது லாகை நகல் எடுத்துட்டு மூலத்தைக் காலி பண்ணும். அதுல ரெண்டு ஓட்டை இருக்கு. நகல் எடுத்து முடிச்சதுக்கும் மூலத்தை வெட்டறதுக்கும் நடுவுல வர்ற வரிகள் காணாமப் போயிடும். அது சின்னது. பெருசு என்னன்னா, அப்ளிகேஷன் கோப்பை அப்பெண்ட் முறையில திறக்கலைன்னா, வெட்டின பிறகும் பழைய இடத்துல இருந்தே எழுதும். 40 ஜிபி தள்ளி எழுதினா முன்னாடி 40 ஜிபி ஓட்டை, அதாவது எதுவும் எழுதாத வெற்றிடம். எல்எஸ் 40 ஜிபின்னு காட்டும், டியூ சில எம்பின்னு காட்டும். அடுத்த ரொட்டேட்ல அந்த ஓட்டையையும் சேர்த்துப் படிச்சு நகல் எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

சரியான வழி: பெயர் மாத்து, புது கோப்பு உருவாக்கு, போஸ்ட்ரொட்டேட்ல, புது கோப்பைத் திறக்கச் சொல்லி அப்ளிகேஷனுக்குச் சிக்னல் அனுப்பு. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்னா யூஎஸ்ஆர்1. கூடவே "டிலே கம்ப்ரஸ்" கட்டாயம். சிக்னல் போய்ச் சேர்ந்து கோப்பை மாத்தறதுக்குள்ள பழைய கோப்புல நாலு வரி விழும், அதை உடனே ஜிஜிப் பண்ணினா அந்த வரிகள் போச்சு.

#4 வேர்ப்பயனர்

> எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு "காப்பிட்ரங்கேட்" போடறாங்க

சிக்னலே கேட்காத அப்ளிகேஷன்கள் இருக்கின்றன, நண்பரே. அவற்றுக்கு வேறு கதி இல்லை. முடிந்தால் லாகை கோப்பில் எழுதாமல் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதச் சொல்லி லாகைச் சேகரிக்கும் ஜர்னல்டி கையில் விட்டுவிடலாம். அது இயல்பாக ஃபைல்சிஸ்டத்தில் 10%, அதிகபட்சம் 4 ஜிபி என்று தானே எல்லை போட்டுக்கொள்ளும். பைனரி லாக் என்று அதைத் திட்டுபவர்கள் உண்டு. இரவு 2 மணிக்கு "-எஸ் 01:40 -பி எர்" என்று நேரமும் தீவிரமும் கொடுத்து வடிகட்ட முடிவதால் எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

#5 மின்தறி

கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கருவி. டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாததற்குப் பத்துக்கு எட்டு முறை காரணம் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல். பெரும்பாலான சிஸ்டங்களில் கிரான் கொடுக்கும் பாத் வெறும் "/யூஎஸ்ஆர்/பின்:/பின்". எஸ்பின் அதில் கிடையாது. உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியை அது படிப்பதும் கிடையாது. வேலைகளை எழுதும் கிரான்டேபின் தலையிலேயே பாத்தை எழுதிவிடுங்கள்.

வரியின் கடைசியில் "> /டெவ்/நல் 2>&1" போட்டு வெளியீடு, பிழை இரண்டையும் விலக்குவது நாமே நம் கண்ணைக் கட்டிக்கொள்வது. கிரான் வெளியீட்டை அனுப்பும் மெயில் தொல்லை என்றால் ஸ்டாண்டர்ட் அவுட்டை மட்டும் விலக்குங்கள், எரரை விட்டுவையுங்கள். அந்த மெஷினில் மெயில் அனுப்பும் புரோகிராம் இல்லாவிட்டால் கிரான் வெளியீட்டைத் தூக்கிப்போட்டுவிடும், அதுவும் நினைவிருக்கட்டும்.

5 நிமிடத்துக்கொரு முறை ஓடும் வேலை ஒரு நாள் 7 நிமிடம் எடுத்தால் இரண்டு பிரதிகள் ஒன்றோடொன்று மோதும். "எஃப்லாக் -என் /ரன்/வேலை.லாக்" என்று முன்னால் சேர்த்தால் இரண்டாவது பிரதி ஓடாமல் விலகும்.

அடுத்தது தேதியும் கிழமையும். "0 3 1-7 * 1" (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை) என்றால் மாதத்தின் முதல் திங்கள் என்று நினைப்போம். கிரானில் இரண்டு புலங்களையும் குறிப்பிட்டால் அது "அல்லது". 1 முதல் 7 வரை எல்லா நாளும், போதாததற்கு எல்லாத் திங்களும் ஓடும். முதல் திங்கள் மட்டும் வேண்டுமானால்:

0 3 1-7 * * [ "$(டேட் +%யூ)" = 1 ] && /ஆப்ட்/வேலை.எஸ்எச்

கடைசியாக, கிரானைக் கண்காணிக்க "தவறினால் மெயில்" போதாது. ஓடவே இல்லையென்றால் தவறியதாகச் சொல்லவும் ஆள் இல்லை. வேலை முடிந்ததும் வெளியே ஒரு யூஆர்எல்லைத் தட்டட்டும். தினசரி வேலை ஒன்றுக்கு 26 மணி நேரம் தட்டல் வரவில்லையென்றால் அந்தப் பக்கத்திலிருந்து அலாரம் வரட்டும்.

#6 சுருள்நாடா

கிரானுக்கு அடுத்து பேக்கப்தான் வர வேண்டும். இருப்பதிலேயே பெரிய அரை உண்மை இதுதான்.

"மைஎஸ்கியூஎல்டம்ப் ... | ஜிஜிப் > கோப்பு". டேட்டாபேஸைக் கோப்பாக எடுக்கும் டம்ப் நடுவில் செத்தாலும், பைப்பின் (கட்டளைகளை இணைக்கும் "|") எக்ஸிட் கோட் கடைசிக் கட்டளையுடையது. ஜிஜிப் தனக்கு வந்ததைச் சரியாகச் சுருக்கிவிட்டது, எனவே 0. "செட் -ஓ பைப்ஃபெயில்" போடுங்கள், முதல் வரியில் எஸ்எச் அல்ல, பாஷ் என்று எழுதுங்கள். பல டிஸ்ட்ரோக்களில் எஸ்எச் என்பது டாஷ், அதன் பழைய பதிப்புகளுக்குப் பைப்ஃபெயில் தெரியாது. "ஜிஜிப் -டி" சரி என்றாலும் திருப்தி அடையாதீர்கள். பாதி டம்பை முழுசாகச் சுருக்கியிருந்தால் அதற்கு அதுவும் சரிதான். கோப்பின் கடைசி வரியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" இருக்கிறதா என்று பாருங்கள்.

"--சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன்" இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும்தான் ஒரே கணத்தின் படத்தைத் தரும். நடுவில் பழைய மைஐசாம் டேபிள் ஒன்று இருந்தால் அதற்கு இந்த உத்தரவாதம் கிடையாது. போஸ்ட்கிரெஸ் பக்கம் "பிஜி_டம்ப்" டேட்டாபேஸை எடுக்கும், ரோல்களை எடுக்காது. மீட்டெடுக்கும் நாளில் டேட்டா இருக்கும், பயனர்கள் இருக்க மாட்டார்கள். "பிஜி_டம்ப்ஆல் --குளோபல்ஸ்-ஒன்லி" தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

நகலெடுக்கும் ஆர்சிங்கின் "--டெலீட்", மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழிக்கும். மூல டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளில் மூல அடைவு காலி. ஆர்சிங்க் அதை நம்பி, பேக்கப்பையும் காலியாக்கும். அதன் பார்வையில் அது வெற்றி. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் "மவுண்ட்பாயிண்ட் -கியூ /டேட்டா || எக்ஸிட் 1" என்ற ஒரே வரி இதைத் தடுக்கும்.

ஊரறிந்த உதாரணம் 2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் தயாரிப்பு டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பிறகு பார்த்தால் தினசரி டம்ப் வேலையே செய்யவில்லை. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த கருவி 9.2. அது தவறியதைச் சொல்லும் மெயில்களும் டிமார்க் (மெயில் அனுப்புநரைச் சரிபார்க்கும் முறை) காரணமாக ஏற்கப்படாமல் போயின. அழிவதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து டிஸ்கின் நகல்) தான் காப்பாற்றியது. இதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

என் கருத்து கொஞ்சம் கறாரானது. மாதம் ஒரு முறையாவது வேறு மெஷினில் மீட்டெடுத்து, முக்கிய டேபிளில் நேற்றைய தேதி வரிசை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்காதவரை அதை "பேக்கப்" என்று சொல்லாதீர்கள், "பெரிய கோப்பு" என்று சொல்லுங்கள். மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள். மேலாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

#7 புதுமுகம்22

ஒரு கேள்வி. லோட் ஆவரேஜ் 180, ஆனால் சிபியு 97% சும்மா இருக்கிறது. இதைக் காட்டும் டாப் கட்டளை பைத்தியமா, நான் பைத்தியமா?

#8 நள்ளிரவு_அழைப்பு

ரெண்டு பேரும் இல்ல தம்பி. லினக்ஸ்ல லோட் ஆவரேஜ்னா ஓடறதுக்குக் காத்திருக்கிறவங்க மட்டும் இல்ல, "டி" நிலையில, அதாவது டிஸ்குக்கோ நெட்வொர்க் ஃபைல்சிஸ்டத்துக்கோ (என்எஃப்எஸ்) எழுப்ப முடியாம காத்திருக்கிறவங்களும் சேர்த்தி. "பிஎஸ் -இஓ ஸ்டேட்,பிஐடி,டபிள்யூசான்:30,சிஎம்டி" போட்டு டி-ல தொடங்கற வரிகளைப் பாரு. டபிள்யூசான் பத்தியில என்எஃப்எஸ், ஆர்பிசி மாதிரி பேர் இருந்தா என்எஃப்எஸ் சர்வர் அந்தப் பக்கம் மூச்சு விடலைன்னு அர்த்தம்.

வேடிக்கை என்னன்னா, லோடை ஏத்தறது பெரும்பாலும் மானிட்டரிங்தான். ஏஜென்ட் நிமிஷத்துக்கு ஒரு டிஎஃப் ஓட்டும். செத்த என்எஃப்எஸ் மேல டிஎஃப் தொங்கும். அடுத்த நிமிஷம் இன்னொண்ணு. மூணு மணி நேரத்துல 180. "டிஎஃப் -எல்" கொடுத்தா உள்ளூர் டிஸ்க் மட்டும் பார்க்கும். முன்னாடி "டைம்அவுட் 10" போட்டு வச்சா கூடுதல் பாதுகாப்பு.

என்எஃப்எஸ்ஸை "சாஃப்ட்"னு மவுண்ட் பண்ணச் சொல்லி யாராவது யோசனை சொல்லுவாங்க. எழுதற டேட்டாவுக்கு வேண்டாம். நேரம் தாண்டினா பிழை திரும்பும், பிழையைப் பார்க்காத புரோகிராம் பாதி எழுதினதையே முழுசுன்னு நினைச்சுக்கும். தொங்கறது பரவாயில்ல, கெட்டுப்போறது பரவாயில்லன்னு சொல்ல முடியாது.

#9 வேர்ப்பயனர்

இதே குடும்பத்தில், சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி சொல்லும் "ஆக்டிவ், ரன்னிங்". அதே வரியில் எத்தனை நேரமாக ஓடுகிறது என்றும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. "3 செகண்ட்ஸ் அகோ" என்றால் அது இப்போதுதான் மறுபடி எழுந்திருக்கிறது. "சிஸ்டம்சிடிஎல் ஷோ -பி என்ரீஸ்டார்ட்ஸ் சர்வீஸ்பெயர்" தட்டினால் 400 என்று வரலாம்.

இயல்பு எல்லை 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கினால் நிறுத்து என்பது. சர்வீஸ் எழுந்து 3 விநாடி கழித்துச் சாகிறது என்றால் 10 விநாடிக்குள் மூன்று நான்கு தடவைதான் ஆகும், எல்லையைத் தொடாது. முடிவே இல்லாமல் செத்துப் பிழைக்கும், நிலை எப்போது பார்த்தாலும் பச்சை. "ஸ்டார்ட்லிமிட்இன்டர்வெல்செக்"கை 300 ஆக்கினால் உண்மை வெளியே வரும். சாவதற்குக் காரணம் எக்ஸிட் கோட் 137 என்றால் அது 128+9, யாரோ சிக்னல் 9 அனுப்பியிருக்கிறார்கள். டிமெசேஜில் (கெர்னல் லாகில்) ஓஓஎம் (நினைவகம் தீர்ந்தது) வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

#10 பாக்கெட்பித்தன்

நெட்வொர்க் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

எஸ்எஸ்எச் உள்நுழைவு, டேட்டாபேஸ் இணைப்பு, எல்லாமே சரியாக 5 விநாடி தாமதம். சரியாக 5 என்பதுதான் துப்பு. ரிசால்வ்.கான்ஃபில் முதல் நேம்சர்வர் (பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்) செத்துவிட்டது. ரிசால்வர் இயல்பாக 5 விநாடி காத்திருந்துதான் இரண்டாவதற்குப் போகும், ஒவ்வொரு வினவலுக்கும் மறுபடி முதலிலிருந்து. பதில் கடைசியில் கிடைத்துவிடுவதால் மானிட்டரிங் பச்சை. "ஆப்ஷன்ஸ் டைம்அவுட்:1 அட்டெம்ப்ட்ஸ்:2" வலியைக் குறைக்கும். மருந்து, செத்த சர்வரைப் பட்டியலிலிருந்து எடுப்பதுதான்.

டிஎன்எஸ் வினவும் டிக் சரியாகக் காட்டுகிறது, அப்ளிகேஷன் வேறு ஐபிக்குப் போகிறது என்றால் குழம்ப வேண்டாம். டிக் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் என்எஸ்ஸ்விட்சையும் பார்க்காமல் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அப்ளிகேஷன் நடக்கும் வழியில் நடக்க "கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் பெயர்" பயன்படுத்துங்கள்.

டிஎன்எஸ்ஸில் ரெக்கார்ட் சேர்க்கும் முன்பே ஆர்வக்கோளாறில் அந்தப் பெயரைத் தேடினால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலும் கேஷில் ஏறும். அது எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை எஸ்ஓஏ என்னும் டொமைனின் தலைமை ரெக்கார்டின் கடைசி எண் தீர்மானிக்கும் (எஸ்ஓஏவின் டிடிஎல், அதாவது கேஷில் இருக்கும் நேரம், அதைவிடச் சிறியது என்றால் அதுதான் கணக்கு). 3600 என்றால் ஒரு மணி நேரம் கை கட்டி நிற்க வேண்டும். முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு தேடுங்கள். ஐபி மாற்றத்திலும் இதே ஒழுங்குதான். டிடிஎல்லை 300 ஆக்கிவிட்டு, பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரம் காத்திருந்த பிறகே மாற்ற வேண்டும். மாற்றும் நிமிடத்தில் டிடிஎல்லைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை.

எனக்குப் பிடித்த வில்லன் எம்டியூ, ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு. பிங் போகிறது, எஸ்எஸ்எச் இணைகிறது, ஆனால் கீ பரிமாற்றத்தில் தொங்குகிறது. அல்லது உள்ளே போய்ப் பெரிய அடைவில் எல்எஸ் அடித்ததும் உறைகிறது. சின்ன பாக்கெட் போகும், பெரியது போகாது. விபிஎன்னோ டனலோ நடுவில் இருக்கும், "பாக்கெட் பெரிது" என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஏதோ ஒரு ஃபயர்வால் மொத்தமாக அடைத்திருக்கும். சோதிக்க "பிங் -எம் டூ -எஸ் 1472 இலக்கு". 1472 உடன் 28 பைட் தலைப்பு சேர்ந்தால் 1500. அது போகாமல் 1392 போகிறது என்றால் பாதையின் எம்டியூ 1420, வயர்கார்ட் விபிஎன்னின் இயல்பு எண்ணும் அதுதான். ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டுக்குள் போகும் டேட்டா அளவை) பாதையின் எம்டியூவுக்கு கிளாம்ப் செய்யுங்கள். அதற்கு முன் அந்த ஐசிஎம்பி அடைப்பை எடுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை முழுதாக அடைப்பது, வீட்டில் திருடன் வரக்கூடாது என்று அழைப்பு மணியைக் கழற்றுவது மாதிரி.

#11 கருந்திரை

தளத்தின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ். புதுப்பித்தாகிவிட்டது, டிஸ்கில் புதிய கோப்பு இருக்கிறது, தேதி சரி. ஆனால் பயனருக்குக் காலாவதி எச்சரிக்கை. என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது படித்த பழையதை நினைவில் வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது, ரீலோட் செய்ய யாரும் இல்லை. சான்றிதழைத் தானே புதுப்பிக்கும் செர்ட்பாட் என்றால் ரினியூவல்-ஹுக்ஸ் அடைவின் டிப்ளாய் பகுதியில் ரீலோட் ஸ்கிரிப்ட் வையுங்கள். சோதனை கோப்பின் மீது அல்ல, போர்ட்டின் மீது நடக்க வேண்டும்: "ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் பெயர்:443 -சர்வர்நேம் பெயர்" என்று எடுத்து "எக்ஸ்509 -நோஅவுட் -டேட்ஸ்"க்கு பைப் செய்யுங்கள். பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லிலோ, பெயருக்குப் பதில் ஐபி கொடுக்கும்போதோ சர்வர்நேமை விட்டால் வேறு தளத்தின் சான்றிதழைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள்.

பிரவுசரில் திறக்கிறது, கட்டளைவரியில் கர்ல் மறுக்கிறது என்றால் இடைநிலைச் சான்றிதழ் அனுப்பப்படவில்லை. பிரவுசர்கள் பல விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும் அல்லது முன்பே வைத்திருக்கும். கர்லும் ஜாவாவும் அந்தச் சேவை செய்யாது. ஃபுல்செயின் கோப்பைக் கொடுக்க வேண்டிய இடத்தில் வெறும் செர்ட் கோப்பைக் கொடுத்திருப்பீர்கள்.

இன்னும் கையால் புதுப்பிப்பவர்களுக்கு: பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளிலிருந்து 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் காலாவதி நினைவூட்டல் மெயிலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

#12 மின்தறி

47 நாள் என்பது அட்டூழியம். நிர்வாகப் பக்கம் மட்டும் உள்ள ஸ்விட்ச், யூபிஎஸ் கார்டு, பிரிண்டர், இவையெல்லாம் ஏசிஎம்இ (சான்றிதழைத் தானே புதுப்பிக்கும் நெறிமுறை) பேசுமா? சான்றிதழை ஏற்ற மவுஸால் ஏழு பக்கம் கிளிக் செய்ய வேண்டிய கருவிகள் அவை. வருடத்துக்கு எட்டு முறை யார் கிளிக் செய்வது?

#13 கருந்திரை

அந்த விதி பொது சிஏக்களுக்குத்தான், அதாவது சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கு. உள்ளே மட்டும் இருக்கும் பெட்டிகளுக்குச் சொந்த சிஏ வைத்து இரண்டு வருடத்துக்குக் கொடுங்கள். ஆப்பிள் கருவிகள் சொந்த சிஏவிலும் 825 நாளுக்கு மேல் ஏற்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டரை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை, அது வேறு இழை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை செய்யும் வேலைதான் எப்போதும் மறந்துபோகும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆட்டோமேட் செய்தே ஆக வேண்டும். குறுகிய ஆயுளின் நல்ல பக்கம் இதுதான் என்பேன்.

#14 பாக்கெட்பித்தன்

கான்ஃபிக் மாற்றினேன், ரீஸ்டார்ட் செய்தேன், ஆனால் மாறவில்லை என்ற ரகம். எஸ்எஸ்எச்டி_கான்ஃபிகில் பாஸ்வேர்ட் உள்நுழைவை "நோ" ஆக்கியிருப்பீர்கள். ஆனால் எஸ்எஸ்எச்டியில் முதலில் வரும் மதிப்புதான் செல்லும், பின்னால் வருவது செல்லாது. கோப்பின் தலையிலேயே எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி அடைவு இன்க்ளூட் ஆகியிருக்கும். கிளவுட் மெஷின்களில் அதற்குள் 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பு "யெஸ்" என்று உட்கார்ந்திருக்கும். கோப்பைப் படிக்காதீர்கள், "எஸ்எஸ்எச்டி -டி" (பெரிய டி) கேளுங்கள், நடைமுறையில் உள்ள மதிப்பைச் சொல்லும். சின்ன டி இலக்கணப் பிழை மட்டும் பார்க்கும். இரண்டும் முடிந்து, இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போய்ப் பார்த்த பிறகே பழைய செஷனை மூடுங்கள்.

இதைவிட ஆபத்தானது யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலும் கண்டெய்னர் ஓட்டும் டாக்கரும். யூஎஃப்டபிள்யூ நிலையில் 5432 போர்ட்டை அடைத்ததாகக் காட்டும். டாக்கர் "-பி 5432:5432" என்று வெளியிட்டால் அது தானே நேட் விதிகளை எழுதிவிடும், பாக்கெட் யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசல் வழியாக வருவதே இல்லை. "127.0.0.1:5432:5432" என்று உள் முகவரியோடு மட்டும் கட்டுங்கள். வெளியிலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் ஓட்டிப் பார்ப்பதே உறுதி.

#15 சுருள்நாடா

மெய்நிகர் மெஷின்களில் நேரமும் உண்டு. நேரத்தைச் சரிசெய்யும் குரோனி ஓடுகிறது, மூலங்கள் பட்டியலில் இருக்கின்றன, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். பல டிஸ்ட்ரோக்களில் "மேக்ஸ்டெப் 1.0 3" என்றே வருகிறது. தாவித் திருத்துவது தொடங்கிய பிறகான முதல் 3 திருத்தங்களில் மட்டும். நிறுத்தி வைத்த விஎம்மை எழுப்பினால் அந்த வாய்ப்பு முடிந்துபோயிருக்கும், பிறகு மெல்ல நகர்த்தியே சரிசெய்யும். அதிகபட்ச வேகம் இயல்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால் ஒரு மணி நேரப் பிசகுக்குக் குறைந்தது 12 மணி நேரம். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிடப் பிசகுதான் பொறுக்கும். அதுவரை யாரும் உள்ளே வர முடியாது, பிழைச் செய்தி பாஸ்வேர்டைச் சந்தேகிக்கும். "குரோனிசி ட்ராக்கிங்" பார்த்து, "குரோனிசி மேக்ஸ்டெப்" என்று கையால் தாவச் சொல்லுங்கள்.

#16 நள்ளிரவு_அழைப்பு

எல்லாத்துக்கும் மானிட்டரிங்னு சொல்லிட்டுப் போறோம், அதுவே பாதி நாள் அரை உண்மைதான். "ஹெல்த்" பக்கம் 200 (எல்லாம் சரி) தருதுன்னா வெப் சர்வர் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்காக அதுல டேட்டாபேஸ் சோதனையையும் சேர்த்து, வேலையை வெப் சர்வர்களுக்குப் பிரிச்சு அனுப்பற லோட் பேலன்சர் கிட்ட கொடுத்துடாதீங்க. டேட்டாபேஸ் 5 விநாடி தடுமாறினா இருக்கிற எல்லா வெப் சர்வரையும் ஒரே நேரத்துல வெளியேத்திடும். பேலன்சருக்கு மேலோட்டமான சோதனை. ஆழமான சோதனை தனி யூஆர்எல்ல, அலாரத்துக்கு மட்டும்.

டிஸ்க் 80% அலாரம் எனக்குச் சுத்தமா பிடிக்காது. 10 டிபில 80%ன்னா இன்னும் 2 டிபி இருக்கு. 10 ஜிபில 80%ன்னா ராத்திரி தாங்காது. மானிட்டரிங் கருவி புரோமிதியஸ்ல "பிரெடிக்ட்_லீனியர்" இருக்கு. கடைசி 6 மணி நேரப் போக்கை வச்சு 24 மணி நேரத்துல பூஜ்யத்தைத் தொடுமான்னு கேளுங்க. கூடவே "இப்ப காலி இடம் 15%க்குக் கீழ"ன்னு ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கட்டுங்க, இல்லாட்டி பேக்கப் ஓடற நேரமெல்லாம் கூவும். ராத்திரி ஆளை எழுப்பற அலாரம்னா எழுந்தவன் செய்ய ஒரு வேலை இருக்கணும். "பார்த்துட்டுத் தூங்கிடு"ன்னு முடியற அலாரத்தைக் காலைல டிக்கெட்டா மாத்துங்க.

#17 புதுமுகம்22

லோட் ஆவரேஜ் என்எஃப்எஸ்தான், நன்றி அண்ணே.

#5-இல் மின்தறி கொடுத்த முதல் திங்கள் வரியை அப்படியே ஒட்டினால் வேலை ஓடவில்லை. கிரான் மெயிலில் மேற்கோள் குறி மூடப்படவில்லை என்று பிழை வருகிறது. டெர்மினலில் அதே வரி சரியாக ஓடுகிறது.

#18 வேர்ப்பயனர்

கிரான்டேபில் % தனி எழுத்து. முதல் % வந்ததும் கட்டளை அங்கேயே முடிந்தது என்று கொள்ளும், மிச்சத்தைக் கட்டளைக்கு ஸ்டாண்டர்ட் இன்புட்டாகக் கொடுக்கும். ஷெல்லுக்குப் போனது "டேட் +" வரை மட்டும், அதனால்தான் மேற்கோள் தொங்குகிறது. %க்கு முன்னால் பின்சாய்கோடு போடுங்கள்: +\%யூ. கிரானின் அரை உண்மைகளை வகுப்பெடுத்த பதிவிலேயே இது விடுபட்டது அழகு.

#19 மின்தறி

திருத்திக்கொள்ளுங்கள், என் பிழை. %யைக் கிரான்டேபில் எழுதாமல் ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோவது இன்னும் நல்லது, அங்கே தப்பிக்கும் எழுத்து தேவையில்லை:

0 3 1-7 * * /ஆப்ட்/முதல்_திங்கள்.எஸ்எச்